விழுப்புரத்துக்குள் ஒரு பிரெஞ்சுக் கோடு

திருவக்கரைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று வக்கிரகாளியம்மன், மற்றொன்று, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள். அந்தக் கல்மரங்களைப் பற்றி 1781இல் முதன்முதலாகக் குறித்து வைத்தவர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். வானூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்று அந்தக் காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்ணில் எப்படிப் பட்டது என்று கேட்டால், விடை பக்கத்திலேயே இருக்கிறது. ஊரைவிட்டுச் சில கிலோமீட்டர் போனால் திருக்கனூர். அது புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியைச் சேர்ந்தது. இரு பக்கமும் அதே நெல், அதே கரும்பு, அதே சவுக்குத் தோப்பு. பேச்சு வேறில்லை, சாமி வேறில்லை. கொண்டான் கொடுத்தானும் இரு பக்கமும் உண்டு. ஆனால் வண்டி எண்ணின் முதலெழுத்து மாறுகிறது, பெட்ரோல் விலை மாறுகிறது, முதலமைச்சர் மாறுகிறார். காலனிய மரபு என்றதும் புதுச்சேரிக் கடற்கரையோரத்து மஞ்சள் சுவர்களும் வளைவு வாசல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிரெஞ்சு ஆட்சி இந்த மண்ணில் விட்டுச்சென்றவற்றுள் அதிக உயிரோடு இருப்பது வயல்வெளிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் இந்த எல்லைக்கோடுதான் என்பது என் கருத்து. அதைப் படிப்பதற்கென்றே ஒரு கல்வித்துறை இருக்கிறது. அந்தத் துறைக்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தைவிட நல்ல ஆய்வுக்களம் தமிழகத்தில் வேறில்லை.

அந்தத் துறையின் பெயர் அரசியல் புவியியல். எல்லையை யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள், போட்ட பிறகு அங்கே குடியிருப்பவர்களின் பிழைப்பை அது எப்படித் திருப்புகிறது, போட்டவர்கள் கப்பலேறிய பின்னும் ஏன் நிலைத்திருக்கிறது என்பவை அதன் அடிப்படைக் கேள்விகள். 1897இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் ராட்சல் அந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்து திரும்பிய கர்சன் 1907இல் ஆக்ஸ்ஃபோர்டில் எல்லைகளைப் பற்றிப் புகழ்பெற்ற உரை ஒன்றை நிகழ்த்தினார். ஆகவே, இந்தத் துறை பிறந்ததும் வளர்ந்ததும் பேரரசுகளின் மடியில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளப்பட்டவர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். மலபாரில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் நடத்திய ஆட்சியை ஆராய்ந்து நூல்கள் எழுதிய கே.எம். பணிக்கர், பின்னாளில் சீனாவிலும் எகிப்திலும் பிரான்சிலும் இந்தியத் தூதராக இருந்தார். புவியியல், தூதியல், காலனிய வரலாறு மூன்றும் ஒரே ஆளிடம் கூடியதற்கு அவர் வாழ்க்கை நல்ல சான்று. இவை மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துவைப்பது நம் கல்லூரிகளின் வசதிக்காக. எல்லையோரத்தில் அவை பிரிந்து கிடப்பதில்லை.

புதுச்சேரிக் கோடு எப்படி விழுந்தது என்று பார்த்தால் இது விளங்கும். வரைபடத்தில் புதுச்சேரிப் பகுதி ஒரே நிலமாக இல்லை. 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்தப் பரப்பு, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு அந்தத் துண்டுகளின் ஊடே தமிழக ஊர்கள் புகுந்து கிடக்கின்றன. இதைப் பார்ப்பவர்கள் ஏதோ கவனக்குறைவு என்று நினைப்பார்கள். உண்மையில் இது கணக்குப் பார்த்துப் பேரம் பேசியதன் விளைவு. 1749இல் ஆர்க்காட்டு வாரிசுப் போரில் செய்த உதவிக்குக் கைம்மாறாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. மறு ஆண்டு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையையே பிடித்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்ற பிறகு நிலைமை தலைகீழானது. 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்து தரைமட்டமாக்கப்பட்டது. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, 1749இன் தொடக்கத்தில் பிரான்சிடம் என்னென்ன வணிகத்தலங்கள் இருந்தனவோ அவற்றை மட்டும் திருப்பித் தரச் சொன்னது. பிரெஞ்சுக் கவர்னராக இருந்த டுப்ளே சேர்த்த நிலமெல்லாம் அந்த ஒரே ஆண்டுக்கணக்கில் அடிபட்டுப் போயிற்று. பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. அதை முடித்துவைத்த 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையில் வில்லியனூரும் பாகூரும் மறுபடி பிரான்சுக்குப் போயின. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்த சண்டையின் கணக்கை, சங்கராபரணி ஆற்றங்கரைக் கிராமங்களை வைத்து நேர்செய்தார்கள். நெப்போலியன் காலத்துப் போர்கள் ஓய்ந்த பிறகு 1814இன் உடன்படிக்கைப்படி 1816இல் இந்த ஊர்கள் கடைசி முறையாகப் பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டன.

கோடு விழுந்ததோடு வேலை முடியவில்லை. அதற்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. 1815இல் உப்பைப் பற்றி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பு பிரிட்டிஷ் பகுதிக்குள் மலிவாக நுழைந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் உப்பு வருமானத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாக ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசு கொம்யூன்களை அமைத்து உள்ளாட்சித் தேர்தலைக் கொண்டுவந்தது. இப்படி உப்பும் ரயிலும் வாக்குச்சீட்டும் சேர்ந்து கோட்டின் இரு பக்கத்தையும் இருவேறு உலகங்களாக்கின. அந்த வேறுபாட்டை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் அரசியல் அகதிகளும் உண்டு. பாரதி 1908இல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்தாண்டு இருந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிய பாரதியைக் கடலூர் அருகே போலீஸ் கைது செய்தது. ஒரே மொழி பேசும் நிலத்துக்குள் சில மைல் தூரம் ஒருவருடைய சுதந்திரத்தைத் தீர்மானித்திருக்கிறது என்றால், அதைவிட எல்லையின் வலிமைக்கு வேறு சான்று தேவையில்லை.

விடுதலை வந்தபோது இந்தக் கோடு அழிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். மாறாக, 1941 முதல் நடப்பிலிருந்த சுங்க ஒன்றியத்தை இந்திய அரசு 1949இல் முடித்துக்கொண்டதும், வயல் வரப்பு பன்னாட்டு எல்லையாகியது, கடத்தல் பெருகியது. 1954இல் துண்டு துண்டான அந்த வடிவமே பிரெஞ்சு ஆட்சிக்கு எமனாக வந்தது. மார்ச் 31 அன்று அந்தத் துண்டுகளில் ஒன்றான நெட்டப்பாக்கம் விடுதலை அறிவித்தபோது, அங்கே கூடுதல் போலீஸ் அனுப்பப் புதுச்சேரியிலிருந்து இந்திய மண்ணைக் கடந்தாக வேண்டியிருந்தது. வெர்சாயில் பேரம் பேசி வாங்கிய நிலம், 171 ஆண்டுகள் கழித்து அதன் வடிவத்தாலேயே கைநழுவியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1956 மே 28 அன்று உடன்படிக்கை கையெழுத்தாக வேண்டியிருந்தது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்பதற்கு அல்ஜீரியப் போர் முடிய வேண்டியிருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் ஏற்பு ஆவணங்கள் பரிமாறப்பட்டன. ஏறத்தாழ 8 ஆண்டுகள் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவாகவும் சட்டத்தில் பிரான்சாகவும் இருந்தது.

அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவைப் படித்தால் கோடு ஏன் பிழைத்தது என்பது தெரிந்துவிடும். 1954 நவம்பர் 1க்கு முன்பிருந்த தனி நிர்வாக நிலை தொடரும். அதில் அரசியல் சட்ட மாற்றம் செய்ய வேண்டுமானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது அது. மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றும் உடன்படிக்கை சொல்கிறது. பிறப்பால் பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் விரும்பினால் அந்தக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஏறக்குறைய 5,000 பேர் அப்படிச் செய்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களும், பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில் வைக்கப்படும் வாக்குச்சாவடியும் அதன் தொடர்ச்சி. இதற்கு நேர்மாறாக, 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி இணைந்த மற்றொரு பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர் 1954 அக்டோபரில் மேற்கு வங்கத்தில் கரைந்துபோனது. அங்கே பழைய கட்டடங்கள் மட்டும் மிச்சம். ஒரே பேரரசின் இரு ஊர்களில் ஒன்றில் எல்லை அழிந்தது, மற்றதில் நிலைத்தது. காரணம் நிலத்தில் இல்லை. மேசைமேல் பேசி எழுதிய வாசகங்களில் இருக்கிறது.

நிலைத்த எல்லை இன்று என்ன வேலை செய்கிறது? செஞ்சிப் பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையைத் தொட்டுப் புதுச்சேரி வழியாகக் கடலுக்குப் போகிறது சங்கராபரணி. வீடூர் அணை தமிழகத்தில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாசனம் தருகிறது. ஊசுட்டேரியின் ஒரு பகுதி இந்தப் பக்கம், ஒரு பகுதி அந்தப் பக்கம். இரு அரசுகளும் தத்தம் பங்கைத் தனித்தனியே பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கின்றன. நாரைக்கு அது ஒரே ஏரி. மது வரியில் இருக்கும் வித்தியாசம் எல்லையோரத்தில் சாராயக் கடைகளையும், அதைத் தடுக்க இந்தப் பக்கம் மதுவிலக்குச் சோதனைச் சாவடிகளையும் உண்டாக்கியது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பல பொருள்களின் விலை வேறுபாடு மறைந்தது; மதுவும் பெட்ரோலும் அதற்கு வெளியே நின்றதால் அவற்றின் எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. அதாவது எல்லை என்பது ஒருமுறை போட்டுவிட்டுப் போகும் கோடு அன்று. ஒவ்வொரு சட்டமும் வரியும் அதைப் புதிதாக வரைகின்றன, அல்லது ஓரிடத்தில் அழிக்கின்றன.

இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு ஒரு கல்வி வாழ்க்கையையே கட்டமைக்க முடியுமா என்றால், கட்டமைத்தவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வில்லியம் மைல்ஸ் முதலில் ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கும் நைஜருக்கும் இடையிலான எல்லையை எடுத்துக்கொண்டார். இரு பக்கமும் ஹௌசா மக்கள். ஒரு பக்கம் பிரிட்டன் ஆண்டது, மறுபக்கம் பிரான்ஸ். எல்லைக்கு இருபுறமும் ஒவ்வோர் ஊரைத் தேர்ந்து ஒப்பிட்டு 1994இல் ஒரு நூல் எழுதினார். மொழியும் சமயமும் ஒன்றாக இருக்கையில் தென்படும் வேறுபாடுகளில் ஆட்சியின் கைவரிசை எவ்வளவு என்று பிரித்தறிய அந்த முறை உதவியது. அடுத்த ஆண்டே முன்னாள் பிரெஞ்சிந்தியாவைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. 2014இல் இந்த இரண்டையும் உலகின் பிற பிரிட்டிஷ்–பிரெஞ்சு எல்லைகளையும் சேர்த்து ஒப்பிட்டார். ஜெசிக்கா நமக்கல் 2021இல் வெளியிட்ட நூல், பிரெஞ்சிந்தியா உருவாகிக் கலைந்த கதையை ஆரோவில்வரை கொண்டுவந்து பேசுகிறது. ஆரோவிலின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருவக்கரையிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றிய அடிப்படையான நூல்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து, தமிழகத்துக் கிராமத்தின் கண்கொண்டு எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஆய்வாளர்களின் கண் எப்போதும் புதுச்சேரியின் மேலேயே இருக்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும் விழுப்புரம் பின்னணித் திரையாகவே நின்றுவிடுகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. ஒரே நாட்டுக்குள் இரு நிர்வாகப் பகுதிகளுக்கு இடையிலுள்ள சிறு கோட்டுக்கு இவ்வளவு ஆய்வா, கச்சத்தீவு போன்ற பெரிய எல்லைகள் இருக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம். கச்சத்தீவு விவகாரம் மீனவர் வலை அறுபடும்போதெல்லாம் பேசப்படுகிறது. இந்தக் கோடு யாரும் பேசாமலேயே பல்லாயிரம் பேரின் அன்றாடத்தை நடத்துகிறது. அதோடு சிறிய எல்லை என்று அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை வங்கதேச எல்லையிலுள்ள கூச்பிகார் காட்டியது. இந்தியாவும் பாகிஸ்தானும், பிறகு இந்தியாவும் வங்கதேசமும், ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்த நிலத்துண்டுகளைப் பற்றிப் பல பத்தாண்டுகள் பேசிக்கொண்டே இருந்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பள்ளி இல்லை, மின்சாரம் இல்லை, எந்த அரசும் தம்முடையவர்கள் என்று சொல்லவில்லை. பிரெண்டன் வைட் 2002இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆவணப்படுத்தினார். வில்லெம் வான் ஷெண்டெல், ரீஸ் ஜோன்ஸ் ஆகியோர் அங்குள்ளவர்கள் நாடற்றவர்களாக வாழ்வதை எழுதினார்கள். 2015இல் 111 இந்தியத் துண்டுகளும் 51 வங்கதேசத் துண்டுகளும் கைமாறின. அந்த முடிவை எடுத்தவர்கள் அரசியல்வாதிகளே. ஆய்வாளர்களால் எல்லை மாறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தத் துண்டு எங்கே, அதில் யார் என்ன பாடுபடுகிறார்கள் என்று உலகம் தெரிந்துகொண்டது அவர்களால்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இந்த எல்லையைக் காலனிய மரபு என்று சொல்வது சரியா? புதுச்சேரி மக்களே அதை வேண்டுமென்று வைத்துக்கொண்டிருக்கிறார்களே? 1979 ஜனவரியில் புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு சேர்க்கும் பேச்சு எழுந்தபோது பெரும் போராட்டம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள் பிரெஞ்சு ஆட்சிக்காக நின்றவர்கள் அல்லர். தங்கள் சட்டமன்றம், தங்கள் வேலைவாய்ப்பு, தங்கள் ஊரின் தனித்தன்மை ஆகியவற்றுக்காக நின்றவர்கள். இந்த மறுப்பின் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை, செம்மைப்படுத்துகிறது. மரபு என்பது வாங்கியவர் அப்படியே பூட்டி வைக்கும் பொருள் அன்று. அதை எடுத்து வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். 1783இல் பிரான்சின் கௌரவத்துக்காகப் பெற்ற எல்லை, 1979இல் தமிழ் பேசும் மக்களின் தன்னாட்சி உணர்வுக்கு வேலியாயிற்று. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே நல்ல ஆய்வுக்குரிய கேள்வி. காலனியம் கெட்டது என்ற ஒரே வாக்கியத்தில் அதை அடக்க முடியாது. பிரெஞ்சுக் காலம் பொற்காலம் என்ற சுற்றுலாப் பிரசுரத்திலும் அடக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு பெற்றோருடையது: இதைப் படித்தால் சோறு கிடைக்குமா? நேராகவே சொல்லலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் அரசியல் புவியியலுக்கென்று தனித் துறைகள் அரிது. புவியியல், வரலாறு, அரசியல் அறிவியல் இவற்றில் ஒன்றில் முதுகலை முடித்து, நெட் தேர்வு எழுதி, உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டம் செய்து, ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் நீண்ட வழி இது. அத்தோடு பிரெஞ்சும் கற்க வேண்டும். காலனிய ஆவணங்களின் பெரும்பகுதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்து மாணவருக்கு வேறு எவருக்கும் இல்லாத சாதகங்கள் உண்டு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. இரு நாட்டுத் தூதியல் பேச்சில் பிறந்த நிறுவனம் அது. 1985இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு அரசியல் கற்பிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் பக்கத்துக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை பிரெஞ்சுக் கவர்னர்களின் பேரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் தமிழில் எழுதிய பதிவு அது. 18ஆம் நூற்றாண்டுத் தூதியலுக்கு ஆட்சிக்கு உட்பட்டவரின் மொழியிலேயே இப்படி ஒரு சாட்சியம் உலகில் பல இடங்களில் கிடையாது. அதைப் படிக்க வெளிநாட்டு ஆய்வாளர் பல ஆண்டு தமிழ் கற்க வேண்டும். திண்டிவனத்து மாணவருக்கு அந்தச் செலவு இல்லை.

வேலை ஆசிரியப் பணியோடு நின்றுவிடுவதும் இல்லை. சங்கராபரணியில் தண்ணீர் குறையும்போது இரு அரசுகளும் எந்த அடிப்படையில் பங்கிடுவது, ஊசுட்டேரியை இரு வனத்துறைகளும் எப்படிச் சேர்ந்து பார்த்துக்கொள்வது, எல்லையோரக் கிராமத்து நோயாளி எந்தப் பக்கத்து மருத்துவமனைத் திட்டத்துக்கு உரியவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் வாரிசுச் சொத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பவையெல்லாம் அதிகாரிகள் முன்னும் வழக்கறிஞர்கள் முன்னும் வரக்கூடிய கேள்விகள். இவற்றுக்கு வரலாறு தெரிந்த ஒருவரால்தான் முழு விடை தர முடியும்; இன்றைய கோப்பை மட்டும் புரட்டுபவருக்கு 1956இன் உடன்படிக்கை கண்ணில் படாது. குடிமைப் பணித் தேர்வு எழுதுவோருக்கும் வெளியுறவுப் பணிக்குப் போவோருக்கும் இது பயன்படும் அறிவு.

செய்யத் தக்கதற்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டியதில்லை. விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கலைக்கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்கள் எல்லையின் இரு பக்கமும் ஒவ்வோர் ஊரை எடுத்து, நிலப்பதிவேடு, பள்ளி, பாசனம், திருமண உறவு, சந்தை ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதும் ஆய்வேடு ஒன்றைத் தொடங்கலாம். மைல்ஸ் நைஜீரியா–நைஜர் எல்லையில் செய்ததும் அடிப்படையில் அதுவே. அரிய பனுவல்களும் ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்படுவது போல, 1954க்கு முன் எல்லையைக் கடந்து வேலைக்குப் போனவர்கள், சுங்கச் சாவடியில் நின்றவர்கள் ஆகியோரின் நினைவுகள் பதிவாக வேண்டும். அந்தத் தலைமுறை இன்று தொண்ணூறைத் தொட்டுவிட்டது. கட்டடங்களைப் புதுப்பிக்க அரசுகளும் அறக்கட்டளைகளும் பணம் ஒதுக்குகின்றன. எல்லையைப் புரிந்துகொள்ள ஒதுக்கும் தொகை அதில் ஒரு சிறு பங்காக இருந்தாலும் போதும். பாரிசிலும் வெர்சாயிலும் தில்லியிலும் பேசி முடித்த காரியத்தின் விளைவை அனுபவிக்கிறவர்கள் மண்ணாடிப்பட்டிலும் வானூரிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றிய முதல்தர ஆய்வும் அங்கிருந்தே, தமிழிலேயே வர வேண்டும் என்று கேட்பது அளவுக்கு மீறிய ஆசை ஆகாது.